ஒரு பாத்தி பார்லியும் எங்கள் பள்ளத்து வயலும்

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த விஷயம் இது. எழுதினால் நம் முட்டாள்தனம் ஊருக்கே தெரிந்துவிடுமே என்ற தயக்கம்தான். இப்போது செமஸ்டர் முடிந்து வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும்.

எங்கள் ஊர் கட்டுமாவடி. புதுக்கோட்டை மாவட்டத்துக் கடலோரம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனவர்கள் மீன் வாங்க வண்டியை நிறுத்தியிருப்பீர்கள். மீன் என்றால் எல்லோருக்கும் தெரிகிறது. இந்தப் பக்கம் நெல்லும் விளைகிறது என்று சொன்னால் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் நம்புவதில்லை. கல்லணைக் கால்வாய் கடைசியாக வந்து சேரும் மும்பாலை ஏரி எங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது. கடைமடை என்று பேப்பரில் படிப்பீர்களே, அந்தக் கடைமடைக்கும் கடைமடை நாங்கள். மேட்டூர் திறந்த செய்தி வந்து எத்தனையோ நாள் கழித்துத்தான் இங்கே வாய்க்கால் நனையும். சில வருஷம் நனையாமலே போய்விடும்.

அப்பாவுக்கு இரண்டு துண்டு நிலம். மேட்டு வயல் பரவாயில்லை. கடல் பக்கம் இருக்கும் பள்ளத்து வயல், ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே, முழுக்க உவர். பங்குனியில் போய்ப் பார்த்தால் வரப்போரமெல்லாம் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை நன்றாகப் பெய்து உப்பைக் கழுவிவிட்டால் சம்பா நெல் வரும். இல்லாவிட்டால் அறுப்புக்கு ஆள் கூலிகூடத் தேறாது, எல்லாம் கருக்காய். இந்த வயலை இறால் குட்டை வெட்டக் குத்தகைக்குக் கேட்டு ஒருவர் மூன்று வருஷமாக வந்துபோகிறார். அப்பா சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "தம்பி வெவசாயந்தான் படிக்கிறான். அவன் என்ன சொல்றான்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்று அனுப்பிவிட்டார். குட்டை வெட்டினால் அப்புறம் அந்த மண்ணில் நெல் கிடையாது என்பது அவருக்கும் தெரியும், வந்தவருக்கும் தெரியும். பொறுப்பு மட்டும் என் தலையில்.

இந்த நிலையில்தான் கல்லூரியில் அகில இந்தியச் சுற்றுலா போனோம். (டெல்லி, ஆக்ராவுக்குத்தான் எல்லோரும் பெயர் கொடுத்தோம் என்பதை மறைக்க விரும்பவில்லை.) வழியில் அரியானாவின் கர்னால். அந்த ஒரே ஊரில் மத்திய அரசின் கோதுமை, பார்லி ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கிறது, 1969-ல் தொடங்கிய மத்திய மண் உவர்மை ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கிறது. காலையில் ஒன்று, மத்தியானம் மற்றொன்று. மாசி மாதக் கடைசி. பார்லி கதிர் முற்றிக்கொண்டிருந்தது. நெல்லையே பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அந்த நீள நீளமான கூர் வைத்த கதிர் காற்றில் புரளும்போது பட்டுத்துணி மாதிரி இருந்தது. மத்தியானம் உவர் மண்ணைப் பற்றிய விளக்கத்தில் ஒரு அட்டவணை. எந்தப் பயிர் எவ்வளவு உப்பு வரை விளைச்சல் குறையாமல் தாங்கும் என்று. நெல் 3 டெசிசீமென்ஸ். பார்லி 8. எங்கள் பள்ளத்து மண்ணைப் போன வருஷம்தான் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் சோதித்திருந்தேன். 6-க்குக் கொஞ்சம் மேலே.

அவ்வளவுதான். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோதே மனசுக்குள் பள்ளத்து வயல் முழுக்கப் பார்லி விளைந்துவிட்டது. இறால்காரரை எப்படித் திருப்பி அனுப்புவது என்ற வசனம் வரை தயார்.

அதுவும் சும்மா மாட்டுத்தீவனப் பார்லி இல்லை, மால்ட் பார்லி. இதில் கொஞ்சம் விலைக் கணக்கு இருக்கிறது. 2025-26 ரபி கொள்முதலுக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை கோதுமைக்குக் குவிண்டால் 2425 ரூபாய், பார்லிக்கு 1980. இந்த வித்தியாசத்தைப் பார்த்தபின் எவன் பார்லி போடுவான்? மால்ட் ஆலைக்குத் தகுதியான தானியம் என்றால்தான் கூடுதல் விலை. ராஜஸ்தானில் சாப்மில்லர் பீர் நிறுவனம் 2005-ல் 'சாஞ்ஜி உன்னதி' என்ற பெயரில் விவசாயிகளுக்கு விதை கொடுத்து, யோசனை சொல்லி, திரும்ப வாங்கிக்கொள்ளும் திட்டம் ஆரம்பித்ததும் இதற்காகத்தான்.

மால்ட் என்றால் பீர் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். சின்ன வயசில் காய்ச்சல் வந்தால் கலக்கிக் கொடுத்த ஹார்லிக்ஸில் இருப்பதும் கோதுமையும் பார்லி மால்ட்டும்தான் (1883-ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய சரக்கு அது). ஆக எங்கள் ஊருக்குப் பார்லி மால்ட் இரண்டு வழியாக வருகிறது. ஒன்று மளிகைக்கடை, இன்னொன்று டாஸ்மாக். விளைந்து மட்டும் வந்ததில்லை.

தமிழ்நாட்டில் விளையவே இல்லையா என்றால், விளைந்தது. நீலகிரியில். படகர்கள் சாமையோடும் கோதுமையோடும் பார்லியும் பயிரிட்டு வந்தவர்கள். அந்தக் குளிரை நம்பி வெள்ளைக்காரன் மலையில் பீர் ஆலையும் வைத்தான். 1857-ல் தொடங்கிய காசில் ப்ரூவரியையும் நீலகிரிஸ் ப்ரூவரியையும் சேர்த்து மொத்தம் ஐந்து ஆலைகளை ஒன்றாக்கித்தான் தாமஸ் லீஷ்மன் என்பவர் 1915-ல் யுனைடெட் ப்ரூவரீஸை உண்டாக்கினார். பின்னால் மல்லையா குடும்பத்துக்குப் போனதே, அதே கம்பெனி. நீலகிரியில் அப்புறம் உருளைக்கிழங்கும் தேயிலையும் வந்து பார்லியை ஓரம் கட்டிவிட்டன. இதைப் படித்தபோதே 'மலைமேல்தானே விளைந்தது, ஏன்?' என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

கர்னாலுக்குப் பக்கத்து கிராமத்தில் எங்களை ஒரு விவசாயி வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். என் அரைகுறை இந்தியில் கேட்டுத் தெரிந்துகொண்டது, அப்புறம் ஊருக்கு வந்து புத்தகத்தில் படித்தது எல்லாம் சேர்த்துச் சொல்கிறேன்.

கதிரைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஆறு வரிசை, இரண்டு வரிசை என்று இரண்டு ஜாதி. ஆறு வரிசையில் மணி நிறைய, ஆனால் பக்கவாட்டில் இடம் பத்தாமல் சில மணி கோணிக்கொண்டு ஒல்லியாக இருக்கும். இரண்டு வரிசையில் எல்லா மணியும் ஒரே மாதிரி கொழுகொழுவென்று. மால்ட்டுக்கு இந்த ஒரே மாதிரிதான் முக்கியம். ஏனென்றால் ஆலையில் நடப்பது வேறொன்றுமில்லை, எங்கள் அப்பத்தா கேழ்வரகு முளைகட்டும் அதே வேலை. ஊறவைப்பது, முளைக்க விடுவது, சரியான நேரத்தில் உலர்த்தி முளையை நிறுத்துவது. இரண்டு நாள் விட்டுவிட்டு ஊறவைத்து, மணிக்குள் ஈரம் 45 சதவீதத்தை ஒட்டி வந்ததும் நாலைந்து நாள் குளிர்ந்த அறையில் முளைக்க விட்டு, அப்புறம் சூட்டில் 5 சதவீத ஈரத்துக்குக் கொண்டுவருகிறார்கள். ஒல்லி மணி சீக்கிரம் ஊறும், குண்டு மணி மெதுவாக ஊறும். இரண்டும் கலந்திருந்தால் ஒன்று முளைத்து நீண்டுவிடும், இன்னொன்று கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கும். அதனால்தான் 2.5 மில்லிமீட்டர் சல்லடையில் போட்டு ஆட்டி மேலே எவ்வளவு நிற்கிறது என்று பார்க்கிறார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு நின்றால் ராஜமரியாதை.

முளைப்புத் திறன் 95-க்கு மேலே இருந்தாக வேண்டும். இது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். நெல்லை விற்கும்போது அது உயிரோடு இருக்கிறதா என்று எந்த வியாபாரியும் கேட்பதில்லை. மால்ட் பார்லியை மட்டும் விதை மாதிரி உயிரோடு கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அடிக்கிற மெஷினில் வேகத்தைக் கொஞ்சம் கூட வைத்துக் கரு உடைந்தாலோ, மேல்தோல் உரிந்தாலோ போச்சு.

அடுத்தது புரதம். 9-லிருந்து 11 சதவீதம் வரை. கூடினால் மாவுச்சத்து அந்த அளவுக்குக் குறைந்து ஆலைக்குச் சாறு கிடைக்காது, பீரும் கலங்கும். ரொம்பக் குறைந்தாலும் ஈஸ்டுக்குச் சாப்பாடு இல்லை. இந்தப் புரதத்தைத் தீர்மானிப்பதில் பெரிய பங்கு யூரியாவுக்கு, அதுவும் எப்போது போடுகிறோம் என்பதற்கு. வடக்கே மால்ட் பார்லிக்கு ஹெக்டேருக்கு 90 கிலோ தழைச்சத்து. பாதி விதைக்கும்போது, மீதி முதல் தண்ணீர் விட்டதும், அதாவது ஒரு மாசத்துக்குள். அவ்வளவுதான், அப்புறம் மூட்டையைத் தொடக்கூடாது. முதலில் போட்டது தூர் கட்டவும் மணி கூடவும் உதவும். கதிர் வரும் நேரத்தில் போட்டால் அது நேராக மணிக்குள் புரதமாகப் போய் உட்காரும். நம்ம ஊர் நெல்லுக்கோ 150 கிலோவை நாலாகப் பிரித்து நடவு, தூர் கட்டும்போது, கதிர் உருவாகும்போது, கதிர் வரும்போது என்று கடைசி வரை கொடுப்பதுதான் சிபாரிசு. இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

அந்த விவசாயி கிளம்பும்போது மிச்ச விதையிலிருந்து இரண்டு கை அள்ளிக் கொடுத்தார். இரண்டு வரிசை ரகம். கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தேன்.

கார்த்திகைக் கடைசியில் விதைத்தேன். பத்தடிக்கு ஆறடியில் இரண்டு பாத்தி. ஒன்று மேட்டு வயலில் போர்செட் பக்கத்தில், இன்னொன்று பள்ளத்து வயலில் உப்புப் பூக்கும் இடத்திலேயே. வரிசைக்கு வரிசை 18 சென்டிமீட்டர், ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. நெருக்கி விதைத்தால் பக்கத்தூர் அதிகம் வெடிக்காமல் தாய்க்கதிர்களே நிறைய இருக்கும், மணி ஒரே சமயத்தில் முற்றும். நான் ஸ்கேல் வைத்து அளந்து கோடு போடுவதைப் பார்த்த பக்கத்து வயல் பெரியப்பா, "என்ன தம்பி, நோட்டுல கணக்கு போடுற மாதிரி வெதைக்கிற?" என்றார்.

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் அடைமழை. மேட்டுப் பாத்தியில் தண்ணீர் வடிந்துவிட்டது. பள்ளத்தில் கணுக்கால் அளவு நின்றது. நானும் வாய்க்கால் வெட்டி வடிக்கப் பார்த்தேன், எங்கே வடியும், பள்ளம் என்றால் பள்ளம்தானே. தண்ணீர் இறங்கியபோது முளைத்ததில் கால்வாசிகூட நிற்கவில்லை. நின்றதும் மஞ்சள்.

அட்டவணையில் இருந்த 8 பொய் இல்லை. ஆனால் அது வளர்ந்த பயிருக்கு. நாற்றுப் பருவத்தில் பார்லி அதில் பாதிதான் தாங்கும் என்று அதே புத்தகத்தின் அடிக்குறிப்பில் இருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். அதைவிடப் பெரிய விஷயம், பார்லிக்கு உப்பு ஆகும், வறட்சி ஆகும், தேங்கிய தண்ணீர் மட்டும் ஆகவே ஆகாது. வேர் மூச்சு முட்டிச் செத்துவிடும். எங்கள் ஊரில் உப்பும் தேங்கிய தண்ணீரும் ஒரே வயலில் குடியிருக்கின்றன. ஒரு எண்ணைப் பார்த்து மயங்கியவனுக்கு இந்த அடையாளம்கூடத் தோன்றவில்லை. நெல்லை ஏன் நம் முன்னோர்கள் கடலோரம் வரை கொண்டுவந்து போட்டார்கள் என்பதற்குப் பதில், என் காலடியிலேயே கணுக்கால் ஆழத்தில் நின்றது.

மேட்டுப் பாத்தி தப்பியது. நான் கல்லூரிக்குத் திரும்பிவிட்டேன். அப்பா தினமும் போய்ப் பார்த்து போனில் சொல்வார். அறுபது நாள் தாண்டியதும் கதிர் எட்டிப் பார்ப்பதாகச் சொன்னார். "ஆனா பயிரு கொஞ்சம் வெளுத்தாப்ல தெரிஞ்சுச்சுப்பா. ஒரு கைப்பிடி யூரியா வீசிவிட்டேன்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எந்தச் சமயத்தில் தொடக்கூடாதோ அந்தச் சமயத்தில். ஆனால் அவரை என்ன சொல்வது? நாற்பது வருஷமாக நெல்லுக்குச் செய்த கை. கதிர் வரும்போது மேலுரம் போடாவிட்டால்தான் அவருக்குத் தூக்கம் வராது. போடக்கூடாது என்று நான் சொல்லிவிட்டு வந்திருக்க வேண்டும். வரிசை அளக்கச் சொல்லிக்கொடுத்தவன் இதைச் சொல்லவில்லை.

மாசியில் அறுத்தேன். அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. வடக்கே இதே அளவு இடத்தில் இரண்டு, இரண்டரைக் கிலோ எடுப்பார்கள். இரண்டு மாசம் காயவைத்து, விதை உறக்கம் தெளிந்தபின் கல்லூரிக்குக் கொண்டுபோனேன். ஹாஸ்டல் அறையில் நாலு பேர் உட்கார்ந்து ஆயிரம் மணி எண்ணினோம் (ஒருவன் 600-ல் குழம்பி மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தான்). எடை 29 கிராம். நல்ல இரண்டு வரிசை ரகம் 45-ஐத் தொட வேண்டும். 2.5 மில்லிமீட்டர் சல்லடையில் மூன்றில் ஒரு பங்குகூட நிற்கவில்லை. ஈரத்துணியில் நூறு மணி வைத்தேன், 71 முளைத்தது. ஆய்வுக்கூடத்தில் கெஞ்சிக் கூத்தாடிப் புரதம் பார்த்தேன். 14 சதவீதம் சொச்சம்.

இதில் அப்பாவின் யூரியா எவ்வளவு, எங்கள் ஊர் வெயில் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. சோதனையைக் கெடுத்துக்கொண்டது நான்தான். ஆனால் யூரியா போடாமல் இருந்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் மாறியிருக்காது என்றுதான் நினைக்கிறேன். கர்னாலில் தை மாத இரவு 10 டிகிரிக்குக் கீழே போகும். கதிர் வந்தபின் மணி மெல்ல மெல்லப் பால் பிடித்து மாவு சேர்க்க அவகாசம் இருக்கிறது. கட்டுமாவடியில் தையிலும் இரவு 20-க்குக் கீழே இறங்குவது அபூர்வம். சூட்டில் மணி அவசர அவசரமாக முற்றிவிடும். புரதம் முதலிலேயே வந்து உட்கார்ந்துவிடுகிறது, மாவுச்சத்து சேர நேரம் இல்லை. அதனால்தான் மணி ஒல்லியாகவும் புரதம் அதிகமாகவும் போகிறது. வறட்சியிலும் இதே கதைதான். பார்லி கஷ்டத்தைத் தாங்கும் பயிர், வாஸ்தவம். கஷ்டப்பட்ட பார்லியை மால்ட் ஆலை வாங்காது என்பதுதான் நான் படிக்காமல் விட்டது. நீலகிரிக் குளிருக்கு இப்போது அர்த்தம் புரிகிறது.

எங்கள் ஆசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, மால்ட்டுக்கு ஆகாவிட்டால் தீவனத்துக்கு ஆகுமே, பச்சையாக அறுத்து மாட்டுக்குப் போடலாமே என்றார். போடலாம். ஆனால் ஏக்கர் முழுக்க மேடாக்கி, வடிகால் வெட்டித் தீவனம் வளர்க்கும் செலவுக்கு, இறால்காரர் கொடுக்கும் குத்தகைப் பணத்தை வாங்கி வைக்கோலாகவே வாங்கிவிடலாம்.

சித்திரையில் லீவுக்கு வந்தபோது அப்பாவிடம் எல்லாக் கணக்கையும் காட்டினேன். யூரியா விஷயத்தையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப நெல்லுதாங்கிற" என்றார். திருச்சி 3 என்று ஒரு நெல் ரகம் இருக்கிறது, உப்பு மண் தாங்கும் என்றேன். கூடவே, அது களர் நிலத்துக்காக வந்த ரகம், நம்முடையது உவர், இரண்டும் ஒன்றில்லை என்பதையும் இந்தத் தடவை அடிக்குறிப்பு விடாமல் சொல்லிவிட்டேன். "ஒரு பாத்தி வேணாம். கால் ஏக்கரு போட்டுப் பாப்போம்" என்றார். போன வாரம் இறால்காரர் வந்திருந்தார். அப்பா டீ கொடுத்து, "தை அறுப்பு முடியட்டும்ணே" என்று சொல்லி அனுப்பினார். அவரும் சரி என்றுதான் போனார். எத்தனை தைக்குப் போவார் என்று தெரியவில்லை.

மிச்சமிருந்த பார்லியை அம்மா கஞ்சி காய்ச்சலாம் என்று உரலில் போட்டுக் குத்தினார். கடையில் வாங்கும் பார்லி அரிசி வெள்ளையாக இருக்கிறதே, அதே மாதிரி வரும் என்று. நெல் மாதிரி உமி கழன்று வராது, பார்லி உமி மணியோடு ஒட்டிப் பிறந்தது. ஆலைக்காரனுக்கு அதுதான் வசதி, சாறு வடிகட்ட அந்த உமியே சல்லடையாகிவிடும். அம்மாவுக்கு அரைமணி நேரம் குத்தியும் பாதி உமி போகவில்லை. "இதுக்காடா ஸ்கேல் வச்சு அளந்த?" என்று கேட்டுவிட்டு, உரலோடு அள்ளிக் கோழிக்கு வீசினார். கோழிகள் மட்டும் ஒரு மணி விடவில்லை.